கடலுக்குப் பட்டா போட முடியுமா?

கேள்வி: எனக்கும் என் மைத்துனருக்கும் மூன்று மாதமாக ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகக் கடல்களில் மீன் குறைந்துகொண்டே வருவதற்குக் காரணம் அதற்குச் சொந்தக்காரர் இல்லாததுதான். நிலத்துக்குப் போடுவதுபோல மீனுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அவர். கடல் எல்லோருக்கும் பொது, அதை யாருக்கும் எழுதிக்கொடுக்கக் கூடாது, கடுமையான சட்டம் போட்டு அரசே காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? கூடவே இன்னொன்று: அப்படிக் கொடுத்த உரிமையை அரசு பின்னால் திரும்ப எடுத்துக்கொண்டால் நஷ்ட ஈடு தர வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று மாதம் வாதாடியும் மைத்துனரோடு உறவு முறியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். என் துறையில் இதே சண்டையால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு.

மீன்வளப் பொருளாதாரம்தான் என் தொழில். பல நாடுகளின் மீன்பிடிச் சட்டங்களைப் படிப்பதிலும் ஒதுக்கீட்டுக் கணக்குகளைப் பார்ப்பதிலும் என் நாட்கள் கழிகின்றன. நீங்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ இருவரும் ஒரே தவறான இடத்தில் நிற்பதாகத்தான் தெரிகிறது. சொத்துரிமையை ஒரு பக்கமும் அரசை இன்னொரு பக்கமும் நிறுத்திவிட்டீர்கள். கடலில் அந்தப் பிரிவினை செல்லாது. வயலுக்கு வரப்பு இருக்கிறது; அரசு தூங்கினாலும் வரப்பு அங்கேயே கிடக்கும். மீன்மேல் உள்ள உரிமையோ, அரசு எண்ணி அளந்து கொடுக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். எண்ணுவதை நிறுத்திய மறுநாள் அது வெறும் காகிதம். எனவே எந்த உரிமை, யாருக்கு, எத்தனை காலத்துக்கு, அளப்பதற்கு யார் செலவழிப்பது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் மைத்துனர் பக்கத்து நியாயம். நோயை அவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

1805-ல் நியூயார்க்கில் ஒரு நரி வழக்கு நடந்தது. ஒருவர் வேட்டை நாய்களோடு நரியைத் துரத்திக்கொண்டு வந்தார். கடைசி நேரத்தில் இன்னொருவர் குறுக்கே வந்து அதைக் கொன்று தூக்கிப்போய்விட்டார். துரத்தியது கணக்கில் வராது, பிடித்தவருக்கே நரி என்று தீர்ப்பாயிற்று. சொந்தக்காரர் இல்லாத எல்லா விலங்குக்கும் வழக்கமாக உள்ள நியாயம் இது. கடல் மீனுக்கும் இதுதான். தண்ணீரில் இருக்கும்வரை அது யாருடையதும் இல்லை, வலையில் ஏறிவிட்டால் ஒருவருடையது. இந்த நியாயத்தின் கீழ் ஒரு படகுக்காரர், "இது இன்னும் முட்டையிடாத மீன், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவைத்தால் என்ன ஆகும்? பக்கத்துப் படகு அரைமணி நேரத்தில் அள்ளிக்கொள்ளும். பொறுமையாக இருப்பவர் அபராதம் கட்டுகிற தொழில் இது.

கனடாவைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-ல் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். யாரும் வரலாம் என்று திறந்துவிட்ட மீன்பிடியில், லாபம் தெரிகிறவரை படகுகள் வந்துகொண்டே இருக்கும். வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் இடத்தில்தான் வருவது நிற்கும். அந்த இடத்தில் மீனும் குறைந்திருக்கும், கையில் உபரியும் மிஞ்சாது. மாணவனாக இருந்தபோது கரும்பலகையைப் பார்த்து அந்தப் படத்தை நோட்டில் வரைந்துகொண்டேன். ஒரு குன்றும் அதைக் குறுக்காக வெட்டும் ஒரு கோடும், அவ்வளவுதான். வளமான கடலை வைத்துக்கொண்டு மீனவர் கடனாளியாக இருப்பதன் முழுக் கதையும் அந்த இரண்டு கோட்டுக்குள் இருக்கிறது என்பது உறைக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இனி உங்கள் கட்சி. கடுமையான சட்டம் போட்டால் போதும் என்கிறீர்கள். போடாமலா விட்டார்கள்?

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சால்மன் பிடிக்கும் செவுள்வலைப் படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1951 வரை அங்கே மோட்டார் படகுக்குத் தடை. உலகமெங்கும் எஞ்சின் வந்த பிறகும் அங்கே மட்டும் பாய்மரத்தில்தான் மீன்பிடிக்க வேண்டும். பிடிக்கும் வேகத்தைக் குறைக்க அரசு கண்ட வழி அது. எஞ்சினை அனுமதித்த பிறகும், படகின் நீளம் 32 அடியைத் தாண்டக் கூடாது என்ற விதி நிலைத்தது. சட்டம் நீளத்தைத்தான் சொன்னது, அகலத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆகவே படகுகள் பக்கவாட்டில் பெருத்தன. 32 அடி நீளத்துக்கு 16 அடி அகலம் என்று, தண்ணீரில் மிதக்கவிட்ட சோப்புப் பெட்டிபோல ஒரு படகை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். உள்ளே பெரிய எஞ்சின், மீனைக் குளிரவைக்கும் கருவி, கொள்ளளவு கூடிய தொட்டி. எந்தப் படகுக் கட்டுநரும் சொந்த புத்தியில் வரையாத வடிவம் அது. சட்டம் வரைந்த படகு.

இதைவிட மோசமானது ஹாலிபட் கதை. ஹாலிபட் பெரிய தட்டை மீன். நீளமான கயிற்றில் வரிசையாகக் கொக்கி கட்டி அடிக்கடலில் இறக்கிப் பிடிப்பார்கள். அலாஸ்காவில் அதைக் காக்க, மொத்தம் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைத்தார்கள். அளவு எட்டியதும் பருவம் மூடப்படும். நல்ல சட்டம்தானே? ஆனால் மூடுவதற்குள் யார் அதிகம் அள்ளுகிறார்களோ அவர்களுக்கு லாபம். படகுகள் பெருகப் பெருக, பருவத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் இருந்த பருவம் 1990களின் தொடக்கத்தில், முக்கியமான பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் என்றாகிவிட்டது.

அந்த 24 மணி நேரத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தேதி முன்பே குறித்தாயிற்று. அன்று காற்று அடித்தாலும் போயாக வேண்டும், போகாவிட்டால் ஆண்டு வருமானம் கை நழுவும். நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகல்வரை கண் மூடாமல் கொக்கி இறக்குவதும் ஏற்றுவதுமாக வேலை. தூக்கக் கலக்கத்தில் கொக்கி கையில் ஏறும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய படகு அலையில் சாயும். நேரம் முடியும்போது இழுக்கப்படாமல் மிச்சமிருக்கும் தூண்டில் வரிசைகளை அறுத்து விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புவார்கள். அவை யாருக்கும் பயனில்லாமல் அடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். கரையில் ஓர் ஆண்டு மீன் ஒரு நாளில் வந்து குவியும். பச்சை மீனாக விற்க முடியாது. எல்லாம் உறைபதன அறைக்குப் போகும், விலை விழும். மீன் இருப்பு ஓரளவு காப்பாற்றப்பட்டது என்பது உண்மை. ஆனால் அதற்காக மனிதர்களைப் பந்தயக் குதிரைகளாக்கிவிட்டார்கள்.

அரசே காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு கசப்பான பாடம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. 1968-ல் அந்தக் கடலில் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் உட்பட எல்லோருமாகச் சேர்ந்து சுமார் 8 லட்சம் டன் காட் மீனை வாரினார்கள். 1977-ல் கனடா தன் எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்து அந்நியக் கப்பல்களைப் பெரும்பாலும் வெளியேற்றியது. சொந்தக்காரர் வந்தாயிற்று, அதுவும் ஓர் அரசு! அந்த அரசு என்ன செய்தது? மானியம் கொடுத்துத் தன் நாட்டுக் கப்பல்களையும் மீன் ஆலைகளையும் பெருக்கியது. கரையோரத்தில் சிறு படகில் பிடித்தவர்கள், மீன் சிறுத்துவருகிறது, குறைந்துவருகிறது என்று முறையிட்டார்கள். பெரிய இழுவைக் கப்பல்களின் பிடி குறையவில்லையே என்று கணக்கு சொன்னது. மீன் குறையும்போது எஞ்சியவை ஒரே இடத்தில் கூட்டமாகத் திரளும். நவீனக் கருவி வைத்திருக்கும் கப்பல் அந்தக் கூட்டத்தைத் தேடிப்போய்ப் பிடிக்கும். கடைசி மீன்வரை அதன் பிடி குறையாது. 1992 ஜூலை 2-ம் தேதி காட் மீன்பிடியையே மூடினார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. தடையை நீக்க 2024 ஆயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது ஹாலிபட்டுக்குத் திரும்புவோம். 1995-ல் அங்கே விதி மாறியது. மொத்த அளவு அப்படியே. ஆனால் அதில் உனக்கு இத்தனை பங்கு, உனக்கு இத்தனை என்று முன்கூட்டியே பிரித்துவிட்டார்கள். பங்கை விற்கலாம், வாங்கலாம். பருவம் ஏறத்தாழ எட்டு மாதமாக நீண்டது. காற்று அடித்தால் வீட்டில் இருக்கலாம். மீன் எங்கும் ஓடிவிடாது, பங்கு அவர் பெயரில் இருக்கிறது. பச்சை மீன் சந்தைக்கு வந்தது, விலையும் ஏறியது. மீனும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. முந்த வேண்டிய அவசியம் மட்டும் போயிற்று. இது ஓரிடத்துக் கதையும் அல்ல. 11,000-க்கும் மேற்பட்ட மீன்பிடிப்புகளின் கணக்கை வைத்து 2008-ல் வந்த ஓர் ஆய்வு, இப்படிப் பங்கு பிரித்த 121 இடங்களில் மீன்வளம் சரிந்துபோன விகிதம் மற்ற இடங்களில் இருந்ததில் சுமார் பாதிதான் என்று காட்டியது.

மைத்துனர் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டுவார். உட்காரச் சொல்லுங்கள்.

ஏனென்றால் அந்தப் பங்குக்காரர் கையில் இருப்பது கடலும் அல்ல, மீனும் அல்ல. அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் ஓர் எண்ணில் இத்தனை சதவீதம், அவ்வளவுதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலிலிருந்து எடுப்பதற்கும் அதேதான். அளக்கிறவர் யார்? ஆய்வுக் கப்பல் அனுப்பி, வலை வீசி, மீனின் காதெலும்பை அறுத்து, மர வளையத்தை எண்ணுவதுபோல அதன் வயதை எண்ணி, எத்தனை குஞ்சு, எத்தனை தாய் என்று கணக்கிடும் விஞ்ஞானிகள். அவர்களுக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் அரசு. கப்பலில் ஏறிக் கண்காணிப்பவர், துறைமுகத்தில் எடை பார்ப்பவர், கப்பல் எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்று ஒரு படையே பின்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பங்குக்காரர், சிறிய மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டு, விலை போகிற பெரிய மீனைக் கொண்டே தன் பங்கை நிரப்பிக்கொள்வார். கொட்டிய மீன் பெரும்பாலும் செத்த மீன். கணக்கில் மட்டும் அது இன்னும் நீந்திக்கொண்டிருக்கும். அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று மைத்துனர் நினைக்கிறார். பட்டா போட்ட பிறகுதான் அரசுக்கு வேலையே கூடுகிறது.

நியூசிலாந்து இதைக் காசு கொடுத்துக் கற்றது. 1986-ல் அங்கே இப்படிப் பங்கு பிரிக்கும் ஒதுக்கீட்டு முறை வந்தபோது, உனக்கு இத்தனை டன் என்று நிலையான எடையாக எழுதிக் கொடுத்தார்கள். ஆழ்கடலில் வாழும் ஆரஞ்சு ரஃபி என்ற மீன் விஷயத்தில், முதலில் போட்ட கணக்கு மிகையானது என்று பிறகு தெரிந்தது. நூறாண்டுக்கு மேல்கூட வாழக்கூடிய, மெல்ல வளரும் மீன் அது. அளவைக் குறைக்க வேண்டுமானால், எழுதிக்கொடுத்த டன்களை அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை. 1990-ல், டன்னுக்குப் பதில் மொத்தத்தில் சதவீதம் என்று மாற்றிக்கொண்டார்கள். மீன் குறைந்தால் எல்லோர் பங்கும் சேர்ந்து குறையும். சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றியதுதான். ஆனால் மீன் குறையும் நஷ்டம் யார் தலையில் விடியும் என்பதை அந்த ஒரு சொல் தீர்மானித்துவிட்டது.

இனி நான் சொல்லப்போவது என் துறைக்காரர்கள் மெல்லக் கடந்துபோகும் இடம். அதனால் இங்கேயே கொஞ்சம் தங்கப்போகிறேன்.

முதல் நாள் யாருக்குப் பங்கு?

பாடப்புத்தகப் பொருளாதாரம் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறது: யாருக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை, விற்பனை அனுமதிக்கப்பட்டால் பங்கு கடைசியில் திறமையானவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். போய்ச் சேரும், சரி. ஆனால் நடுவில் விற்றவர் கையில் பணம் இருக்கிறது. பங்கே கிடைக்காதவர் கையில் ஒன்றும் இல்லை. ஐஸ்லாந்தில் 1984-ல் பங்கு பிரித்தபோது, முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்தக் கப்பல் எவ்வளவு பிடித்தது என்பதே அடிப்படை. பங்கு கப்பல் முதலாளிக்குப் போயிற்று, இலவசமாக. அதே கப்பலில் உறைபனியில் நின்று மீன் அறுத்த தொழிலாளிக்கும், கரையில் ஆலையில் நின்ற பெண்ணுக்கும், மீனை நம்பி வாழ்ந்த சின்னத் துறைமுக ஊருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு முதலாளி பங்கை விற்றுவிட்டால் ஊரின் மீன் முழுக்க வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். ஊரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். மீன்வளம் தேசத்தின் பொதுச் சொத்து, ஒதுக்கீடு யாருக்கும் உடைமை உரிமை தராது என்று அந்நாட்டுச் சட்டமே முதல் பிரிவில் சொல்கிறது. நடைமுறையிலோ கப்பலோடு சேர்ந்து ஒதுக்கீடும் வங்கிக் கடனுக்கு ஈடாயிற்று. பங்கு குவித்தவர்களுக்கு அந்த ஊர் மக்கள் வைத்த பெயர் கடல் பிரபுக்கள். பங்கில்லாமல் மீன்பிடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட இரண்டு மீனவர்களின் முறையீட்டில், இந்த ஏற்பாடு பாரபட்சமானது என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2007-ல் கருத்துச் சொன்னது. மீனைக் காக்கவும் தொழிலில் லாபம் காணவும் அதே முறை உதவியது என்பதையும் மறைக்க மாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அலாஸ்கா ஹாலிபட்டிலும் முதல் பங்கு, படகு வைத்திருந்தவர்களுக்கும் படகைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்குமே. இருபது ஆண்டு அந்தப் பந்தய இரவுகளில் கை கிழிந்த கூலித் தொழிலாளிக்குப் பூஜ்யம். பங்கு வாங்கினால் படகில் தானும் ஏற வேண்டும் என்று பின்னால் வந்தவர்களுக்கு விதி வைத்தார்கள். முதலில் இலவசமாகப் பெற்றவர்களுக்கு விலக்கு. கரையில் உட்கார்ந்தபடியே ஆள் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்கள் இதை நீதிமன்றத்துக்கே இழுத்தார்கள். பிரிட்டிஷ் அரசோடு அவர்கள் செய்துகொண்ட 1840-ன் வைதாங்கி ஒப்பந்தம் அவர்களுடைய மீன்பிடி உரிமைக்கு வாக்களித்திருந்தது. 1986-க்கு முன்பே பகுதிநேர மீனவர்கள் தொழிலிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் மவோரிகள் ஏராளம். "எங்களுடையதை எடுத்து மற்றவருக்கு எப்படிப் பங்கு போடுகிறீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி. அதற்கு யாரிடமும் பதில் இல்லை. 1989-லும் 1992-லும் செய்த சமரசங்களில் ஒதுக்கீட்டில் 10 சதவீதமும், ஒரு பெரிய மீன்பிடி நிறுவனத்தில் பாதிப் பங்கும், இனி ஒதுக்கீட்டுக்குள் வரும் மீன் வகைகளில் 20 சதவீதமும் அவர்களுக்கு வந்தன. யாருக்கும் சொந்தமில்லாத கடல் என்று நாம் வரைபடத்தில் நிறம் தீட்டும் இடத்தில் பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே வலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் எழுத்து மூலமான ஆதாரம் இருக்காது.

உங்கள் இருவர் பட்டியலிலும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் கரையில் சிங்கி இறால் பிடிப்பவர்கள் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தங்களுக்குள்ளேயே எல்லை வைத்திருக்கிறார்கள். எந்தப் பத்திரத்திலும் இல்லாத எல்லை. வெளியாள் ஒருவர் எல்லைக்குள் பொறிக்கூண்டை இறக்கினால், முதலில் அவருடைய மிதவையில் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டுவைப்பார்கள். புரிந்துகொண்டு போய்விட்டால் சரி. இல்லாவிட்டால் அடுத்த முறை கயிறு அறுந்திருக்கும். கூண்டு அடியிலேயே போயிற்று. சட்டப்படி இது குற்றம். ஆனால் அதே ஆட்கள்தான், முட்டை சுமந்த பெண் இறால் கிடைத்தால் அதன் வால் துடுப்பில் வி வடிவத்தில் சிறு வெட்டுப் போட்டுக் கடலில் விடுகிறவர்கள். பிறகு அது முட்டை இல்லாமல் பிடிபட்டாலும், அந்த வெட்டைப் பார்த்ததும் விட்டுவிட வேண்டும். பக்கத்தில் காவலர் யாரும் இல்லாத கடலில், விலை உயர்ந்த இறாலைக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்பத் தண்ணீரில் போடுகிறார்கள். 1995-ல் மாநில அரசு கரையை மண்டலங்களாகப் பிரித்து, கூண்டு எண்ணிக்கை போன்றவற்றை மீனவர்களே வாக்களித்து முடிவுசெய்ய வழிசெய்தது. 2016-ல் அங்கே பிடிபட்டது சுமார் 6 கோடி கிலோ. தண்ணீர் வெதுவெதுப்பானதும், இறால் குஞ்சைத் தின்னும் காட் மீன் குறைந்ததும் இதற்கு உதவின என்பதால் எல்லாப் புகழையும் முடிச்சுக்குக் கொடுக்க மாட்டேன். பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று உலகெங்கும் பார்த்து எழுதியதற்காக எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளியல் நோபல் கிடைத்தது. ஆனால் அவரே வலியுறுத்தியபடி, இதற்கு உள்ளே யார், வெளியே யார் என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். அடியில் ஊர்ந்து வாழும் இறாலுக்கும் பாறையோடு ஒட்டிய சிப்பிக்கும் அது சாத்தியம். ஒரு நாட்டில் முட்டையிட்டு இன்னொரு நாட்டில் வளரும் சூரைக்கு எந்தத் துறைமுகத்தார் முடிச்சுப் போடுவது?

மீன் ஓடும் என்பதுதான் பட்டா வாதத்தின் பெரிய ஓட்டை. 1982-ன் கடல் சட்ட உடன்படிக்கை 200 கடல் மைல்வரை கரை நாட்டுக்கு உரிமை தந்தது. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. 2000களின் பிற்பகுதியில் கானாங்கெளுத்தி வகை மீன் கூட்டம் வடக்கு நோக்கி ஐஸ்லாந்துக் கடலுக்குள் பெருமளவில் நுழைந்தது. அதுவரை அதில் பெரும்பங்கு வைத்திருந்த நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியமும் கொதித்தன. மீன் எங்கள் கடலில் மேய்கிறதே என்றது ஐஸ்லாந்து. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒதுக்கீடு போட்டுக்கொண்டார்கள். கூட்டிப் பார்த்தால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டி நின்றது. பணக்கார நாடுகள், படித்த அதிகாரிகள், நேர்த்தியான ஒதுக்கீட்டு முறைகள். கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் பழைய நரி வேட்டைக்காரர்களே.

தீர்வே இல்லையா என்றால், நூறாண்டுக்கு முந்தைய ஒன்றைச் சொல்கிறேன். அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலில், அமெரிக்காவுக்குச் சொந்தமான தீவுகளில் குட்டி போடும் உரோமச் சீல்கள் கடலுக்கு மேயப் போகும்போது வேறு நாட்டுக் கப்பல்கள் சுட்டுக்கொண்டிருந்தன. அவை எங்கள் சொத்து, எங்கே போனாலும் எங்களுடையவை என்று வாதாடிய அமெரிக்கா 1893-ல் நடுவர் மன்றத்தில் தோற்றது. 1911-ல் வேறு வழி கண்டார்கள். கடலில் சுடுவதை ரஷ்யா, ஜப்பான், கனடாவின் சார்பில் பிரிட்டன், அமெரிக்கா நான்கும் நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாகத் தீவில் எடுக்கும் அமெரிக்கத் தோலில் 15 சதவீதம் கனடாவுக்கு, 15 சதவீதம் ஜப்பானுக்கு. பிடிக்காமல் இருப்பதற்குப் பங்கு! சீல்கள் மறுபடி பெருகின. நம் காலத்தில் பசிபிக்கின் எட்டுச் சிறு நாடுகள் சேர்ந்து, தங்கள் கடலில் சூரை பிடிக்க ஆண்டுக்கு இத்தனை கப்பல் நாட்கள்தான் என்று 2007-ல் வரம்பு வைத்து, அந்த நாட்களை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு விற்கின்றன. ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 2012-ல் 5,000 டாலர்; 2015-ல் 8,000. அங்கே கடலை யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், பணம் கஜானாவுக்குப் போகிறது. மனம் விட்டுச் சொன்னால், என் சாய்வு இந்தப் பக்கம்தான்: மொத்த அளவை விஞ்ஞானம் சொல்லட்டும்; பங்கைக் காலவரையோடு குத்தகைக்கு விடட்டும்; கரையோர ஊர்களுக்கென ஒரு பகுதியை விற்க முடியாதபடி முதலிலேயே ஒதுக்கிவைக்கட்டும். பங்கு காலாகாலத்துக்கும் சொந்தமானால்தான் மீன்மேல் அக்கறை வரும் என்று என் சகாக்கள் மறுப்பார்கள். ஒரு பரம்பரைக் குத்தகைக்காரர் நிலத்தைப் பேணுவதில்லையா என்று நானும் பதில் சொல்வேன். அந்தச் சண்டை தனி.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. திரும்ப எடுத்தால் நஷ்ட ஈடு உண்டா என்பது அந்தந்த நாட்டுச் சட்டம் பங்கை எப்படி அழைக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கச் சட்டம் அதைச் சலுகை என்றே அழைக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்துசெய்யலாம், இழப்பீடு கேட்கும் உரிமை எழாது என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் எழுதியது ஒன்று, நடப்பது வேறு. முதலில் இலவசமாகப் பெற்றவர் என்றோ விற்றுவிட்டுப் போயிருப்பார். இன்று பங்கு வைத்திருப்பவர் வீட்டை அடகு வைத்து வாங்கியவராக இருப்பார். அவரிடமிருந்து பிடுங்குவது எந்த அரசுக்கும் எளிதல்ல. வட அட்லாண்டிக்கில் இருக்கும் பரோ தீவுகள் 2007-ல் ஒரு வழி செய்தன: எல்லா மீன்பிடி உரிமங்களும் 2018 ஜனவரி 1-ம் தேதியோடு முடியும் என்று பத்தாண்டு முன்னதாகவே சட்டத்தில் எழுதிவிட்டன. தேதி வந்தது, உரிமங்கள் முடிந்தன, ஒரு பகுதி ஒதுக்கீடு ஏலத்துக்கு வந்தது. அடுத்த தேர்தலில் அரசு மாறியது. புதிய அரசு ஏலத்தைக் கைவிட்டது.